வெட்டி எடுத்த கட்டம்: பிள்ளைகளுக்குத் திருவிதாங்கூரை எப்படிச் சொல்வது?

"அத்தே, நம்ம மாவட்டத்துக்குப் பொறந்தநாளு எப்பம்?"

"நவம்பர் 1, 1956."

"அதுக்கு முன்ன?"

"திருவிதாங்கூரு. கடைசி ஏழு வருசம் கொச்சியும் சேந்து திரு-கொச்சி."

"அது இப்பம் எங்க இருக்கு?"

எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. 'நமது மாவட்டத்தின் வரலாறு' என்று பள்ளியில் ஒரு புராஜெக்ட். வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் நான் ஒருத்தி என்பதால் சார்ட் பேப்பரோடு என்னிடம் வந்துவிட்டாள். சுலபமான கேள்வி போலத்தான் இருந்தது, ஆனால் பதில் வரவில்லை. திருவிதாங்கூர் இப்போது எங்கேயும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அதே அரசர்களின் உதயகிரிக் கோட்டை. அது தமிழ்நாடு வனத்துறையின் பூங்கா. ஒரு அரசின் வீடு ஒருத்தர் கையில், கோட்டை இன்னொருத்தர் கையில். வரலாறும் அப்படியேதான் பங்கு போட்டுக் கிடக்கிறது.

இரண்டு பேரும் உட்கார்ந்து நான்கு கட்டங்கள் போட்டோம். குளச்சல் போர், தோள்சீலைப் போராட்டம், கோயில் நுழைவு, தமிழ்நாட்டோடு இணைப்பு. நான்கு நாள் கழித்து சார்ட் திரும்பி வந்தபோது இரண்டாவது கட்டம் இல்லை. கத்தரியால் நறுக்காக வெட்டி, பின்னால் வேறு தாள் ஒட்டி, தென்னை மரமும் கடலும் வரைந்திருந்தாள்.

"மிஸ் இது வேண்டாம்னு சொல்லிட்டாவ. கிளாஸ்ல பிரச்சன வரும்னாவ."

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு. மேல்துணி போட்டதற்காக அடி வாங்கியவர்களின் கொள்ளுப்பேத்திகளும் இருப்பார்கள், அடித்தவர்களின் கொள்ளுப்பேரன்களும் இருப்பார்கள், ஒரே பெஞ்சில்கூட. அவருக்கு அந்த மணி நேரம் சண்டையில்லாமல் கழிய வேண்டும். ஆனால் வெட்டியெடுத்த அந்தக் கட்டம் மனசை விட்டுப் போகவே இல்லை. இந்த ஊரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு நாம் எப்படிச் சொல்லி வந்திருக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

*

குமரி மாவட்டத்துப் பிள்ளை ஒன்று வளர வளர அதன் காதில் மூன்று வரலாறுகள் விழும்.

முதலாவது அரண்மனைக் கதை. பள்ளிச் சுற்றுலா என்றால் பத்மநாபபுரம். பளபளக்கும் கறுப்புத் தரை, மரக்கூரை, மணிக்கூண்டு. நாயகர் மார்த்தாண்ட வர்மா. 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தார், பிடிபட்ட டிலனாயைத் தன் படைக்கே தளபதி ஆக்கினார், 1750இல் நாட்டைப் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்து தன்னைத் தாசன் என்று அறிவித்தார். நல்ல கதைதான். பனைமரத் தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டி ஏமாற்றினார்கள் என்று குளச்சல் பக்கம் வாய்வழியாக ஒன்று உண்டு. அதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது. இந்தக் கதைக்கு இலக்கிய அச்சு வார்த்துக் கொடுத்தது சி.வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு மலையாள நாவல் 'மார்த்தாண்ட வர்மா'. நல்ல இளவரசன், கெட்ட எட்டுவீட்டுப் பிள்ளைமார். அரசுக்குள் நடந்த அதிகாரச் சண்டையை நல்லவன் கெட்டவன் கதையாக நாவல் மாற்றியது, அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இன்றும் அந்த அச்சில்தான் பேசுகிறார்கள். இந்தக் கதையில் வயல் கிடையாது. அந்தப் படைக்கும் கோட்டைக்கும் நெல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கிடையாது. நாஞ்சில் நாட்டு நாட்டார் கூட்டம் கூடி அரசின் வரியை எதிர்த்த காலம் ஒன்று உண்டு. அரண்மனைத் தரையில் அவர்கள் கால் தடம் விழவில்லை.

இரண்டாவது மிஷன் கதை. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது, அவரைத் தேடிப்போய் அழைத்த மகராசன் வேதமாணிக்கம், பிறகு வந்த மீட், நாகர்கோவிலில் அச்சகம், பள்ளிக்கூடங்கள், மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த ரேந்தைப் பின்னல். என் பக்கத்து வீட்டுப் பாட்டி ரேந்தை பின்னித்தான் மூன்று பெண்களைப் படிக்க வைத்தார். இந்தக் கதையில் கைகள் இருக்கின்றன, வேலை இருக்கிறது. ஆனால் வெளிச்சம் முழுக்கக் கப்பலில் வந்து இறங்கியது போலச் சொல்லிவிடும். மதம் மாறாமல், அரசனுக்கும் பணியாமல், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொன்ன அய்யா வைகுண்டருக்கு அதில் இடமில்லை. திருவனந்தபுரத்தில் சிறை வைக்கப்பட்டுத் திரும்பி வந்த அந்த மனிதர் பக்கத்துச் சாமித்தோப்பில்தான் வாழ்ந்தார். மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகம் இப்போது அவரைச் சேர்த்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் சீர்திருத்தவாதிகள் பட்டியலில் ஒரு பெயராக, நாலைந்து பத்திக்குள்.

மூன்றாவது எல்லைக் கதை. நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, 1956இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. இதில் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு பகுதி உண்டு. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. சொந்த மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் கட்சி அரசையே கேட்டார் அவர். அரசு விலகவில்லை, கட்சிதான் உடைந்தது. குடிமையியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ஆனால் மேடைகளில் இது தமிழ் ஜெயித்தது என்பதோடு முடிந்துவிடும். விளவங்கோட்டில் வீட்டுக்குள் மலையாளம் பேசி, கடையில் தமிழ் பேசி, இரண்டையும் தங்கள் மொழி என்று நினைத்த குடும்பங்கள் எங்கே போயின? மொழிச் சண்டைக்குள் சாதியும் நிலமும் எவ்வளவு இருந்தது? அதெல்லாம் மேடைக்கு ஏறாது.

மூன்றும் பொய் இல்லை. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்துபோன கதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலை, ஒரு மாலை, ஒரு நாள். ஒரு கதையின் நாயகன் அடுத்த கதையில் வில்லனாக வருவான் என்பதைப் பிள்ளை எங்கேயும் கேள்விப்படுவதில்லை.

*

இந்த மூன்று கதைகளும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கிற புள்ளி என்று பார்த்தால் அது தோள்சீலைதான். அரசன், மிஷனரி, ஆங்கிலேய ரெசிடெண்ட், நில உடைமையாளர், பனையேறியின் மனைவி எல்லாரும் ஒரே காட்சியில் நிற்கிறார்கள். 1829இல் ராணி கௌரி பார்வதி பாயின் அறிவிப்பு, சாணார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது என்கிறது. முப்பது வருடம் கழித்து, 1859 ஜூலையில், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு அனுமதி தருகிறது. அந்த அனுமதியிலும் ஒரு வால் உண்டு. குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுக்கிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

இந்த வாலைச் சொன்னதும் அண்ணன் மகள் கேட்டாள்: "அப்பம் குளிருக்கோ வெயிலுக்கோ துணி இல்ல. யாரு மாதிரி போடுகது எங்கிறதுதான் சண்டையா?" பதிமூன்று வயசு. இதைவிடச் சரியாக ஒரு ஆய்வேடு சொல்லிவிடாது.

ஒரு தேசியப் பாடநூலில் இது இருந்தது. என்.சி.இ.ஆர்.டி. 2006இல் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு அத்தியாயம். பிரெஞ்சுப் புரட்சிக் கால உடை, விக்டோரியா காலத்து இறுக்க ஆடை, காந்தியின் வேட்டி, நடுவில் நம் ஊர். பாரிஸும் நெய்யூரும் ஒரே அத்தியாயத்துக்குள் வருகிற பாடம், பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைத்திருக்கிறது?

ஆனால் அதில் பிழையும் இருந்தது. நாடார்களைப் பிழைப்புத் தேடி வந்து நாயர் நிலங்களில் வேலை செய்தவர்கள் என்று அது எழுதியது. 2012இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது, கட்சிகள் அறிக்கை விட்டன, உயர் நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பனையேறியவர்களை வந்தேறிகள் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? வாக்கியத்தைத் திருத்து என்பதற்குத் தேவையான நியாயம் அது. கடைசியில் கிடைத்தது திருத்தம் அல்ல. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது: அந்தப் பகுதி நீக்கம், 2017 தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது. 2019இல் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

அவமானப்படுத்தியவர்களின் வழிவந்தவர்களுக்கும் அந்தப் பக்கம் சங்கடம், அவமானப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கும் சங்கடம். காரணங்கள் நேர் எதிர், விளைவு ஒன்று. பாடநூல் வாரியத்துக்கு இதைவிட வசதியான நிலைமை கிடையாது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில். பெரியவர்களுக்கு மேடை போட்டாயிற்று. பிள்ளைகளின் புத்தகத்தில் அந்த இடத்தில் தென்னை மரமும் கடலும்.

*

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பிள்ளைகள் தங்கள் மாநில வரலாற்றைத் தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். கலிபோர்னியாவில் அது நான்காம் வகுப்பில். பத்து வயதுப் பிள்ளைகள் ஸ்பானியப் பாதிரிமார் கட்டிய 21 மிஷன்களில் ஒன்றைச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி மாதிரியாகச் செய்து வர வேண்டும் என்பது பல தலைமுறை வழக்கம். அழகான வளைவுகள், மணிக்கூண்டு. அந்தச் சுவர்களுக்குள் உழைக்க வைக்கப்பட்டு, நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போன பழங்குடி மக்கள் சர்க்கரைக் கட்டியில் வருவதில்லை. பழங்குடி வழிவந்த குடும்பத்துப் பிள்ளையும் அதே மாதிரியைக் கட்டிக் கையில் ஏந்திப் போக வேண்டும். 2016இல் அந்த மாநிலம் வெளியிட்ட பாட வழிகாட்டி, இப்படி மாதிரி கட்டுவதால் பெரிய பயனில்லை, அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பற்றிப் படிக்க வைக்க வேண்டும் என்கிற திசையில் திரும்பியது.

ஒரே ஆண்டு. அங்கே பக்கத்தைத் திருத்த முடிவெடுத்தார்கள், இங்கே பக்கத்தை எடுக்க முடிவெடுத்தார்கள். அமெரிக்காவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை, அங்கேயும் பாடநூல் சண்டை ஓயவில்லை. கட்டடத்தைக் காட்டி மனிதர்களை மறைப்பது எங்கேயும் சுலபம், பத்மநாபபுரமும் நமக்கு ஒரு சர்க்கரைக் கட்டி மாளிகைதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

*

சரி, பாடநூல் கைவிட்டால் இலக்கியம் இருக்கிறது என்று நாம் சொல்வோம். இருக்கிறதா?

1966இல் நூலாக வந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை நான் முதலில் வாசித்தது கல்லூரியில். அப்போது அதை அரசியல் எள்ளல் நாவலாக வாசித்தேன். இப்போது மறுபடி வாசிக்கையில், இது பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வதைப் பற்றிய நாவல் என்றே படுகிறது. தாமோதர ஆசான் என்கிற கிழவர். அவரைச் சுற்றி ஊர்ப் பையன்கள். குளத்து நடுவே நின்ற புளியமரம் எப்படி நாற்சந்தி மரமாக ஆனது, மகாராஜா வருகிற வழியில் குளம் நாறியதால் என்ன நடந்தது என்று ஆசான் அவிழ்த்துவிடுகிறார்.

பாடநூலில் இல்லாத மூன்று விஷயங்கள் ஆசானிடம் உண்டு. ஒன்று, அவர் சொல்கிற இடம் பையன்கள் தினமும் நடக்கிற இடம். வரலாறு காலடியில் கிடக்கிறது. இரண்டு, ராஜா அவர் கதையில் மூக்கைப் பொத்துகிற மனுஷன். அதிகாரம் எடுக்கும் பெரிய முடிவுக்குப் பின்னால் ஒரு நாற்றம்கூடக் காரணமாக இருக்கலாம் என்று பையன்களுக்குப் புரிகிறது. மூன்றுதான் முக்கியம். ஆசான் அளக்கிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். எது நடந்தது, எது ஆசான் கைச்சரக்கு என்று பிரித்துப் பார்க்க அவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். பாடநூல் பிழையே இல்லாதது போலப் பேசும், அதனால் பிள்ளைக்கு அதைச் சந்தேகிக்கத் தெரியாது. ஆசான் பொய் சொல்வார், அதனாலேயே பையன்களுக்குச் சந்தேகிக்கத் தெரிந்தது.

இந்த நாவலை எழுதியவர் பதினெட்டு வயதையொட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். பள்ளியில் கிடைத்த மொழி வேறு, ஊர் பேசிய மொழி வேறு. ஊர் வரலாறு பள்ளிக்கு வெளியே, மரத்தடியில்தான் கிடைக்கும் என்று அவர் எழுதியதை என்னால் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஆசானைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பையன்கள். என் அண்ணன் மகள் அந்த வட்டத்தில் எங்கே உட்காருவாள்? அந்தி சாய்ந்த பிறகு மரத்தடியில் கதை கேட்க எந்த ஆச்சி அவளை விட்டிருப்பாள்? பெண் குரலுக்கு நாம் இன்னும் பின்னால் போக வேண்டும், தேரூர்க்காரரான கவிமணியிடம். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' முழுக்க ஒரு பெண் பேசுகிறாள், ஒரு காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகிற முறையில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன மிச்சம் என்பதை அவள் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள், நாம் சிரித்துவிட்டுச் சங்கடப்படுகிறோம். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தது. ஒரு சட்டத்துக்கு முன்னால் அடுக்களை எப்படி இருந்தது என்று சொல்ல இதற்கு இணையான ஆவணம் நமக்கு இல்லை. கவிமணியைக் குழந்தைப் பாட்டுக்காரராக மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். குழந்தைகளுக்கு எழுதிய அதே கை, தன் சொந்தச் சாதி வீட்டுக்குள் விளக்கைத் தூக்கிக் காட்டியது என்பதைச் சொல்வதில்லை.

அந்தக் கை இன்னொன்றும் செய்தது. அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளைத் தேடிக் கண்டு வெளியே கொண்டுவந்தது. பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். நிலம், வரி, படை என்று போகிற அந்த ஓலைகளில் மனிதர்களை விற்று வாங்கிய ஓலைகளும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முழுசாக ஒழிந்தது 1855இல்தான். நாம் ஏரும் எருதும் பச்சை வயலுமாக வரைகிற நாஞ்சில் நாட்டுச் சித்திரத்தில் அந்த ஓலைகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

*

இவ்வளவும் எழுதிவிட்டு என் வீட்டை விட்டுவிட்டால் அந்த ஆசிரியையைவிட நான் மோசம்.

எங்கள் பழைய வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. ஆச்சி அதைத் தடவிக்கொண்டே பேசுவாள். ஒரு தடவை, எந்த யோசனையும் இல்லாமல், "அப்பம் எல்லாம் வயலு வாங்கினா ஆளும் சேத்துத்தான் மக்கா" என்றாள். எனக்கு அப்போது பதினைந்து வயசு இருக்கும். ஆளுன்னா யாரு ஆச்சி என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்தாயத்தைப் பலகை விலைக்கு விற்றோம்.

சார்ட் வெட்டுப்பட்டு வந்த வாரம் அண்ணன் மகளை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டிலனாயின் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. தமிழ் எழுத்தைத் தடவித் தடவி வாசிக்கப் பார்த்தாள். திரும்பி வருகையில் பஸ்ஸில் கேட்டாள்.

"தோள்சீலை சண்டைல நம்ம ஆளுவ எந்தப் பக்கம் அத்தே?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கட்டம் வெட்டப்பட்டது. ஆசிரியை பயந்தது நாற்பது பிள்ளைகளுக்கு. நான் பயந்தது ஒரு பிள்ளைக்கு.

"துணி போட்ட பக்கம் இல்ல மக்கா," என்றேன். ஆச்சி சொன்னதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வில்லுக்குறி தாண்டியிருக்கும். "எங் கூட்டுக்காரிகிட்ட இத சொல்லலாமா?" என்றாள். அவள் கூட்டுக்காரி யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். சொல்லாதே என்று வாய் வரை வந்தது. வகுப்பில் பிரச்சனை வரும் என்ற அதே வாக்கியம்தான், என் குரலில்.

"சொல்லு. ஆனா அவ வீட்டுல என்ன சொல்லியிருக்காவன்னும் கேளு. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு."

நான்கு நாள் கழித்து வந்து சொன்னாள். கூட்டுக்காரியின் வீட்டில் தோள்சீலைக் கதை முழுசாகத் தெரியும். தன் பாட்டியின் பாட்டி பெயரோடு அவள் சொன்னாளாம். நம் வீட்டில் ஒரு வரியாகக் கிடந்தது அங்கே பெயரும் ஊருமாக இருந்திருக்கிறது. சண்டை ஒன்றும் வரவில்லை. கூட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "ஒங்க ஆச்சி ஆளுன்னு சொன்னாள்லா, அவங்களுக்குப் பேரு இல்லையா?"

வெட்டியெடுத்த கட்டத்தை அண்ணன் மகள் தூக்கிப் போடவில்லை. கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். பின்பக்கம் காலியாக இருக்கிறது. அந்தப் பெயர்களை எங்கே தேடுவது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். முதலியார் ஓலைகளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.